இரண்டு பக்கமும் ஆடியவர்: சக் பெட்னாரிக்கின் ஊர்களில்

வெள்ளிக்கிழமை, பெத்லகேம்

பென்சில்வேனியாவில் லீஹை ஆற்றின் தென்கரையில் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தின் ஐந்து ஊது உலைகள் துருவேறி வரிசையாக நிற்கின்றன. கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த ஆலை இது. இங்கே எஃகு உருக்கும் வேலை 1995-இல் நின்றது. 2001-இல் நிறுவனம் திவாலாகி, 2003-இல் கலைந்தே போனது. இப்போது உலைகளின் அடிவாரத்தில் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. உலைகளுக்கு மூலப்பொருளைக் கொண்டுசென்ற வண்டிகள் ஓடிய உயரமான தண்டவாள மேடையை ஊரார் நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். அதன்மேல் காலை முழுவதும் நடந்தேன்.

அமெரிக்கக் கால்பந்தின் பெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான சக் பெட்னாரிக் 1925 மே 1 அன்று இந்த ஊரில் பிறந்தார். கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ஷிரோக்கே என்னும் கிராமத்திலிருந்து 1920-இல் குடியேறியவர்கள் அவருடைய பெற்றோர். தந்தைக்கு இந்த ஆலையின் எஃகு உருக்கும் பிரிவில் வேலை. வீட்டில் பேசியது ஸ்லோவாக் மொழி. சிறுவயதில் படித்த தேவாலயப் பள்ளியிலும் அதே மொழி. ஆலைக்கு ஆள் சேர்ந்த காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் இந்தத் தென்கரைத் தெருக்களில் அடுத்தடுத்துக் குடியமர்ந்தார்கள். அவரவர் மொழியில் வழிபாடு நடக்க அவரவருக்கென்று ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். ஸ்லோவாக்கியர்கள் 1891-இல் தொடங்கிய புனித சிரில், மெத்தோடியஸ் பங்கு அவற்றுள் ஒன்று. பெட்னாரிக்கின் உடல் வலிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த ஆலையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இந்தத் தெருக்களிலிருந்து ஆயிரக்கணக்கான பையன்கள் அப்பாவின் பின்னாலேயே ஆலைக்குள் போனார்கள். அவரும் போயிருக்கக் கூடும். அவரை வேறு பாதையில் திருப்பியவை கால்பந்தும் போரும்.

ஆற்றுக்கு வடகரையிலுள்ள லிபர்ட்டி உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்ததும் அவர் அமெரிக்க ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே ராக்ஹீத் தளத்திலிருந்து பறந்த 467-ஆவது குண்டுவீச்சுப் பிரிவில், பி-24 லிபரேட்டர் விமானத்தின் நடுப்பகுதியில் நின்று துப்பாக்கி இயக்குவது அவருடைய பொறுப்பு. அந்த நடுப்பகுதிச் சுடுநர்கள் குளிரிலும் எதிரியின் விமான எதிர்ப்புக் குண்டுகளுக்கு நடுவிலும் மணிக்கணக்காக நின்றபடியே பயணம் செய்தார்கள். அப்படி ஜெர்மனியின் மீது 30 தாக்குதல் பயணங்களை முடித்துத் திரும்பியபோது அவருக்கு வயது 20. கல்லூரி மைதானத்துக்குள் அவர் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது அதற்குப் பிறகுதான் என்பதை மறந்துவிட்டு அவருடைய முரட்டு ஆட்டத்தைப் பற்றி எடை போடுவது சரியாகாது.

சனிக்கிழமை, பிலடெல்பியா

காலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டேன். வழியில் கூப்பர்ஸ்பர்க் வருகிறது. ஓய்வுக்காலத்தில் பெட்னாரிக் வாழ்ந்த சிற்றூர். அங்கே நிற்காமல் நேராக ஃபிராங்க்ளின் ஃபீல்டுக்கு வந்துவிட்டேன்.

1895-இல் திறக்கப்பட்ட இந்த மைதானம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. இன்றுள்ள செங்கல் சுவர்களும் வளைவுகளும் இரண்டடுக்குப் பார்வையாளர் மாடமும் 1920-களில் எழுந்தவை. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பென் ரிலேஸ் தடகளப் போட்டிகளால் உலகெங்கும் தெரிந்த பாதை அது. 2011-இல் இங்கே பெட்னாரிக்குக்குச் சிலை வைத்தார்கள். அவர் வாழ்வின் இரண்டு பெரிய அத்தியாயங்களும் ஒரே புல்தரையில் நடந்திருப்பதால், சிலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வோர் அணியிலும் களத்தில் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். தாக்கி முன்னேறும் வேலையும் தடுத்து நிறுத்தும் வேலையும் மாறி மாறி வருவதால், இன்று ஒவ்வொரு குழுவும் தாக்குதலுக்கென்று ஒரு பதினொருவரையும் தடுப்புக்கென்று வேறொரு பதினொருவரையும் வைத்திருக்கிறது. கபடியில் பாடிப் போகிறவரே திரும்பி வந்து பிடிக்கவும் நிற்பதைப் போல, ஒரு காலத்தில் இங்கும் இரண்டு வேலையையும் ஒரே ஆட்கள்தான் செய்தார்கள். ஆட்டம் 60 நிமிடம் என்பதால் அப்படி ஆடியவர்களுக்கு அறுபது நிமிட ஆட்டக்காரர்கள் என்று பெயர். மாற்று ஆட்டக்காரர்களைத் தடையில்லாமல் இறக்கலாம் என்ற விதியை, தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்.எஃப்.எல். 1950-இல் நிலையானதாக ஆக்கிய பின் அந்த இனம் வேகமாக மறைந்தது.

பெட்னாரிக் தாக்குதலில் சென்டர், தடுப்பில் லைன்பேக்கர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலைகள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்டர் குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் குவார்ட்டர்பேக்கிடம், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவரிடம், கொடுக்க வேண்டும். கொடுத்த மறுகணம், ஒரு கை இன்னும் பின்னால் இருக்கும்போதே, எதிரே பாய்ந்து வருகிறவரை நெஞ்சால் மறிக்க வேண்டும். பந்து எப்போது அசையும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டு ஓரிடத்தில் ஊன்றி நிற்பதே அவருடைய திறமை. லைன்பேக்கருக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. எதிரணி பந்தைக் கொண்டு ஓடப் போகிறதா, எறியப் போகிறதா என்று அரை நொடிக்குள் ஊகித்து, ஓடுகிறவரை நோக்கிப் பாயவோ, எறியப்படும் பந்தின் வழியை மறிக்கப் பின்வாங்கவோ வேண்டும். ஆறடி மூன்றங்குல உயரமும் 233 பவுண்டு எடையும் கொண்ட ஒருவர் தம் தொழில்முறை வாழ்வில் எதிரணி எறிந்த பந்தை 20 முறை இடைமறித்துப் பிடித்திருக்கிறார் என்றால், அவரிடம் இருந்தது வெறும் உடல் பலமன்று.

போர் முடிந்த பின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அணிக்காக இந்த மைதானத்தில் ஆடியபோதே அவர் இரண்டு பக்கமும் ஆடினார். தேவைப்பட்டால் பந்தைத் தூர உதைக்கவும் செய்தார். 1948-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான மேக்ஸ்வெல் விருது அவருக்குக் கிடைத்தது. கல்லூரிக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற விருதான ஹைஸ்மனுக்கு அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் டோக் வாக்கருக்கும் சார்லி ஜஸ்டிஸுக்கும் அடுத்து மூன்றாம் இடம். பந்தோடு ஓடி வந்து கண்ணைக் கவர்கிறவர்களுக்கே பெரும்பாலும் போய்ச்சேரும் ஒரு விருதில், குனிந்து நிற்கிற சென்டர் ஒருவர் மூன்றாவதாக வந்தது மிக அரிய செய்தி. 1949 பருவத்துக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதல் வாய்ப்பு அந்நாளைய குலுக்கல் முறைப்படி, அப்போதைய வாகையரான பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவுக்கே விழுந்தது. அவர்கள் பெட்னாரிக்கை எடுத்தார்கள். முதல் பருவத்திலேயே வாகைப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். அதன்பின் ஈகிள்ஸ் பல ஆண்டுகள் பட்டத்தின் பக்கமே போகவில்லை. அவர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியல்களில் இடம்பிடித்துக்கொண்டிருந்தார். 14 பருவங்களில் அவர் ஆடாமல் விட்டவை மூன்றே ஆட்டங்கள்.

1950-களின் பெரும்பகுதியில் லைன்பேக்கர், அந்தப் பத்தாண்டின் இறுதியில் சென்டர். ஆகவே 1960 பருவம் தொடங்கியபோது, 35 வயதான பெட்னாரிக் ஒரு பக்கம் மட்டும் ஆடும் மூத்த ஆட்டக்காரராகத்தான் இருந்தார். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியுடன் ஆடியபோது லைன்பேக்கர் பாப் பெல்லக்ரினி காயமடைந்து வெளியேற, பயிற்சியாளர் பக் ஷா பெட்னாரிக்கைத் தடுப்பிலும் இறங்கச் சொன்னார். பத்தாண்டுகளுக்கு முன்பே மற்றவர்கள் கைவிட்ட ஒரு வழக்கம் ஒருவரின் காயத்தால் மீண்டும் உயிர்பெற்றது. அந்தப் பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 நிமிடமும் ஆடினார் என்று சிலர் எழுதுவது மிகை. தேவைப்பட்ட ஆட்டங்களில் ஆடினார் என்பதே சரி; அவருடைய பெருமைக்கு அதுவே தாராளமாகப் போதும்.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டி டிசம்பர் 26 அன்று இங்கே நடந்தது. மைதானத்தில் மின்விளக்குகள் இல்லாததால், ஆட்டம் நீண்டாலும் இருட்டுவதற்குள் முடிய வேண்டும் என்று நண்பகலிலேயே தொடங்கினார்கள். 67,325 பேர் வந்திருந்தார்கள். எதிரணி, வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவித்த கிரீன் பே பேக்கர்ஸ். பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர் என்று பிற்காலத்தில் புகழின் உச்சிக்குப் போன பெயர்கள் அதில் இருந்தன. ஆட்டத்தின் முதல் முயற்சியிலேயே ஈகிள்ஸ் தங்கள் கோல் கோட்டுக்கு அருகே பந்தை இழந்தார்கள். பேக்கர்ஸை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் தடுப்பணி நிறுத்தியது. சற்று முன் பந்தைக் கொடுத்த சென்டரே இப்போது கோட்டுக்கு முன் நின்று மறித்தார். நான்காவது கால் பகுதியில் பேக்கர்ஸ் 13-10 என்று முன்னேற, புதுமுக ஆட்டக்காரரான டெட் டீன், பேக்கர்ஸ் உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து எதிர்த்திசையில் 58 யார்டு ஓடினார். அந்த வாய்ப்பிலேயே அவர் 5 யார்டு ஓடி, பந்தோடு கோல் கோட்டைக் கடந்து டச்டவுன் எடுக்க, ஈகிள்ஸ் 17-13 என்று முந்தியது.

கடைசி நொடிகளில் ஸ்டார் பந்தை டெய்லரிடம் எறிந்தார். என்.எஃப்.எல்.-இல் கீழே தள்ளக் கடினமானவர்களில் ஒருவர் டெய்லர். அவர் தடுப்பாளர்களை உதறிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பத்து யார்டுக்கும் குறைவான தூரத்துக்கு வந்தபோது பெட்னாரிக் அவரை அணைத்து வீழ்த்தி, கடிகாரம் முடியும்வரை எழவிடாமல் மேலேயே கிடந்தார். ஆட்டம் முடிந்தது. அன்று பெட்னாரிக் களத்தில் இருந்தது ஏறத்தாழ 58 நிமிடம். இறுதிப் போட்டிகளில் லொம்பார்டி தோற்றது அந்த ஒரு முறைதான். ஈகிள்ஸ் அடுத்த பட்டத்தைப் பெற 2018 பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெட்னாரிக் காலமாகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

மேல் மாடத்தில் உட்கார்ந்து இரண்டு கோல் கம்பங்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கவனமெல்லாம் அந்தக் கடைசி அணைப்பைவிட அதற்கு முந்தைய 57 நிமிடங்களின்மீதே இருந்தது. 35 வயதில், ஒவ்வொரு முயற்சியிலும் ஒருவரை மோதி மறித்து, அணிகள் இடம் மாறும்போது மற்றவர்கள் ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்க, இவர் அங்கேயே திரும்பி நின்று அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். களைத்த கால்களோடு டெய்லரை எட்டிப் பிடித்தது அதன் தொடர்ச்சியே.

ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்

பிராங்க்ஸ் பகுதியில் பழைய யாங்கி ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஹெரிட்டேஜ் ஃபீல்டு என்னும் பொதுப் பூங்கா. எதிரே 2009-இல் திறந்த புதிய ஸ்டேடியம். பூங்காவில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

1960 நவம்பர் 20 அன்று இங்கே நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் ஈகிள்ஸ் 17-10 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜயன்ட்ஸ் வீரர் ஃபிராங்க் கிஃபோர்ட் நடுக்களத்தில் பந்தைப் பிடித்து ஓட, பெட்னாரிக் அவருடைய மார்பில் மோதினார். கிஃபோர்ட் பின்னோக்கிச் சாய்ந்து, இறுகிய தரையில் தலை அடிபட்டு நினைவிழந்தார். நழுவிய பந்தை ஈகிள்ஸின் சக் வெபர் எடுத்துக்கொண்டார். ஆட்டம் தங்கள் கைக்கு வந்த மகிழ்ச்சியில் பெட்னாரிக் கையை வீசிக் குதிக்க, கீழே அசைவில்லாமல் கிஃபோர்ட் கிடக்க, அந்தக் கணம் புகைப்படமாகி நாடு முழுவதும் பரவியது. கிஃபோர்டின் மூளையில் கடும் அதிர்ச்சி. 1961 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அவருக்கு அவ்வளவு அடிபட்டது தமக்குத் தெரியாது, பந்து கிடைத்ததற்காகத்தான் குதித்தேன் என்று பெட்னாரிக் கடைசிவரை சொன்னார். மோதல் விதிக்கு உட்பட்டது என்று கிஃபோர்டும் ஒப்புக்கொண்டார்.

நான் அந்தப் படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அடிபட்டவருக்காக ஒரு வருத்தம். அடித்தவரின் 14 பருவ உழைப்பும் அந்த ஒரு சட்டகத்துக்குள் அடைபட்டுவிட்டதே என்று மற்றொன்று. கிஃபோர்டும் பல வேலை தெரிந்தவர்தான். தடுப்பில் டிஃபென்சிவ் பேக், தாக்குதலில் ஹாஃப்பேக், 1962-இல் திரும்பி வந்தபின் ஃபிளாங்கர் என்று மூன்று இடங்களிலும், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வானவர். அந்தத் தலைமுறையின் பன்முக ஆட்டக்காரர்கள் இருவரை, ஒருவர் மீது ஒருவர் மோதிய ஒரு நொடியால் மட்டுமே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சில் பெட்னாரிக்கும் ஆகஸ்டில் கிஃபோர்டும் இறந்தார்கள். கிஃபோர்டின் மூளையில், மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்னும் சிதைவு நோய் இருந்ததாக அவருடைய குடும்பத்தினர் பிறகு அறிவித்தார்கள். பெட்னாரிக்குக்குப் பல ஆண்டுகளாக மறதி நோய் இருந்தது; கால்பந்துக் காயங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று அவருடைய மகள் வெளிப்படையாகச் சொன்னார். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததை அந்தப் படத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை, நெடுஞ்சாலையில்

பென்சில்வேனியாவின் குறுக்கே 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் மேற்கு நோக்கிப் பயணம்; மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிமென்ட் கலவை லாரி ஒன்றைக் கடந்தபோது, பெட்னாரிக்கின் பட்டப்பெயரைப் பற்றி இதுவரை எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ‘கான்கிரீட் சார்லி’ என்ற பெயரை அவருடைய ஆட்டம் கொடுத்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கால்பந்து வருமானம் போதாமல், பருவம் முடிந்த மாதங்களில் அவர் கான்கிரீட் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். அதை வைத்து ஒரு செய்தியாளர் சூட்டிய பெயர் அது. பிற்கால ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும், அவர்கள் ஒரு பக்கம் மட்டும் ஆடிவிட்டு ஓய்வெடுப்பதையும் பற்றி முதுமையில் அவர் கடுமையாகப் பேசினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. நாட்டின் சிறந்த சென்டராக இருந்துகொண்டே கோடைக்காலத்தில் வாடிக்கையாளரைத் தேடி அலைந்த ஒருவர் அப்படிப் பேசியதில் எனக்கு வியப்பில்லை.

செவ்வாய்க்கிழமை, கேன்டன்

ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில்தான் 1920-இல் என்.எஃப்.எல். அமைப்பு தொடங்கப்பட்டது. அதனாலேயே தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தை 1963-இல் இங்கே திறந்தார்கள். மெல்லிய ஒளியிலுள்ள ஒரு கூடத்தில் வெண்கலத் தலைச்சிலைகள் சேர்ந்த ஆண்டு வரிசையில் இருக்கின்றன. 1962 பருவத்தோடு ஓய்வு பெற்ற பெட்னாரிக் 1967-இல் இடம்பெற்றார். பால் பிரவுன், பாபி லெய்ன், இங்கே இடம்பெற்ற முதல் கறுப்பின வீரரான எம்லன் டனல் ஆகியோரும் அதே ஆண்டைச் சேர்ந்தவர்கள். பெட்னாரிக்கின் இடமாக சென்டர், லைன்பேக்கர் என்று இரண்டையும் இந்த மண்டபம் குறிக்கிறது.

1963-இல் சேர்ந்த முதல் வரிசையில் சாமி பாவின் சிலை இருக்கிறது. 1943 பருவத்தில் பந்தெறிதல், தூர உதைத்தல், இடைமறித்தல் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றவர் அவர். பன்முகத் திறமையை எண்ணிக்கையால் அளப்பதென்றால் பாவுக்கு ஈடு யாருமில்லை. இருந்தும் அவர் காலத்தில் எல்லாரும் இரண்டு பக்கமும் ஆடினார்கள். பெட்னாரிக் ஆடியது எல்லாரும் நிறுத்திவிட்ட பின். விதியோ வழக்கமோ கேட்காத ஒரு வேலையை, அணிக்குத் தேவை என்ற ஒரே காரணத்துக்காக, ஓய்வு பெற வேண்டிய வயதில் ஏற்றுக்கொண்டார். என் மனத்தில் அவரை உயர்த்தி வைப்பது இந்த வேறுபாடுதான்.

கல்லூரிக் கால்பந்தின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு அவருடைய பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறார்கள். 2024-இல் அதைப் பெற்ற கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் அதே ஆண்டு, பந்தைப் பிடிப்பவர்களுக்கான பிலெட்னிகாஃப் விருதையும் ஹைஸ்மனையும் வென்றார். இரண்டு பக்கமும் ஆடியே வென்றார். ஆனால் அவர் ஆடுவது பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும், அந்த ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காகவும். இரண்டும் களத்தின் விளிம்பில், ஓட்டத்தை நம்பிச் செய்யும் வேலைகள். ஒவ்வொரு முயற்சியிலும் மோதல் நிகழும் நடுக்களத்தில், சென்டராகவும் லைன்பேக்கராகவும் ஒருவரே நிற்பதை இன்றைய பயிற்சியாளரும் மருத்துவரும் அனுமதிக்கமாட்டார்கள். பெட்னாரிக், கிஃபோர்ட் இருவரின் மூளைக்கும் நேர்ந்ததை அறிந்த பின் அனுமதிக்கவும் கூடாது.

இந்தப் பாதையில் வர விரும்புகிறவர்கள் கேன்டனில் தொடங்காமல் பெத்லகேமில் தொடங்குங்கள். உலைகளுக்குப் பக்கத்து நடைபாதையில் நடக்கக் கட்டணம் இல்லை. பிலடெல்பியாவுக்கு அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஃபிராங்க்ளின் ஃபீல்டில் தடகளப் பயிற்சியும் போட்டிகளும் அடிக்கடி நடப்பதால், உள்ளே போக முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.